பொட்டோமக் ஆற்றங்கரைப் பாதை: ஒரு மறுப்பின் வரலாறு

பொதுப்பணிகளின் வரலாறு பெரும்பாலும் கட்டப்பட்டவற்றின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அணைகள், பாலங்கள், நெடுஞ்சாலைகள் என்பன கண்ணுக்குத் தெரிபவை. அவற்றுக்குத் திறப்பு விழாக்களும் கல்வெட்டுகளும் உண்டு. கட்டாது விடப்பட்ட ஒன்றுக்குக் கல்வெட்டு இல்லை. எனினும் ஒரு சமுதாயம் எதனைக் கட்ட மறுத்தது என்பதும் அதன் வரலாற்றின் பகுதியே. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகரான வாஷிங்டனிலிருந்து பொட்டோமக் ஆற்றின் கரையோரமாக மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்து நகர்வரை செல்லும் 184.5 மைல் நீளமான நடைபாதை இதற்குத் தக்க சான்றாகும். நடப்போரும் துவிச்சக்கர வண்டியில் செல்வோரும் இன்று பயன்படுத்தும் இப்பாதை அவர்களுக்காக அமைக்கப்பட்டதன்று. கோவேறு கழுதைகளுக்காக அமைக்கப்பட்டது.

1828 ஜூலை 4ஆந் திகதி, ஜனாதிபதி ஜோன் குவின்சி அடம்ஸ் செசப்பீக் - ஒஹாயோ கால்வாய்க்கான முதல் மண்ணை வெட்டினார். கிழக்குக் கடற்கரையை ஒஹாயோ ஆற்றுடன் நீர்வழியால் இணைப்பதே திட்டம். பிற்ஸ்பேர்க் நகரை அடைவது அதன் இறுதி இலக்காயிருந்தது. அதே நாளில் பால்ரிமோர் நகரில் பால்ரிமோர் - ஒஹாயோ புகையிரதப் பாதைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. ஒரே இலக்கை நோக்கி ஒரே நாளில் தொடங்கிய இவ்விரு முயற்சிகளுக்கும் இடையிலான போட்டியில் கால்வாய் தோற்றது. புகையிரதம் 1842இல் கம்பர்லாந்தை அடைந்தது. கால்வாயோ 1850இலேயே அங்கு சென்று சேர்ந்தது. அதற்கு அப்பால் அது ஒருபோதும் நீட்டப்படவில்லை.

இக்கால்வாயின் பின்னணியில் உழைப்பின் துயரக் கதையும் உண்டு. அயர்லாந்திலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் வந்த கூலியாட்கள் பாறையைப் பிளந்தும் மண்ணை அகழ்ந்தும் இதனை உருவாக்கினர். 1832இல் பரவிய வாந்திபேதி அவர்களுட் பலரைப் பலிகொண்டது. 74 மடைத் தொட்டிகளின் வழியே ஏறியிறங்கிய படகுகளைக் கரையில் நடந்த கோவேறு கழுதைகள் கயிற்றால் இழுத்துச் சென்றன. அவை நடந்த வழியே இன்றைய நடைபாதை. 1889ஆம் ஆண்டின் பெருவெள்ளம் கால்வாய்க் கம்பனியை முறித்தது. 1924ஆம் ஆண்டின் வெள்ளத்துடன் போக்குவரத்து முற்றாக நின்றது. 1938இல் மத்திய அரசு இருபது இலட்சம் டொலருக்குக் கால்வாயை வாங்கியது. பொருளாதார மந்தத்தின்போது வேலையற்றோருக்கென அமைக்கப்பட்ட படையணிகளைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள், வாஷிங்டனை அடுத்த பகுதியைச் செப்பனிட்டனர். பாதை காக்கப்பட்ட கதையிற் பெரிதும் பேசப்படாதவர்கள் இவர்களே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மோட்டார் வாகனமே முன்னேற்றத்தின் அடையாளமாயிற்று. கைவிடப்பட்ட கால்வாய்த் தடத்தின்மீது அழகிய வாகனச் சாலையொன்றை அமைக்கும் திட்டம் 1950இல் முன்வைக்கப்பட்டது. 1954 ஜனவரியில் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழின் ஆசிரியத் தலையங்கம் இதனை ஆதரித்தது. சாலை வந்தால் மேலும் பலர் ஆற்றழகைக் காண்பர் என்ற வாதம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. நடக்க இயலாதோருக்கும் ஆறு உரியதன்றோ?

உயர் நீதிமன்ற நீதியரசர் வில்லியம் ஓ. டக்ளஸ் இதற்கு மறுப்பெழுதினார். அவரது மறுப்பு வெறும் வாதமாக அமையாது அழைப்பாக அமைந்தமையே அதன் சிறப்பு. தலையங்கம் எழுதியவர் தம்முடன் முழுப் பாதையையும் நடந்து பார்க்கட்டும் என அவர் கேட்டார். அழைப்பு ஏற்கப்பட்டது. 1954 மார்ச் 20ஆந் திகதி கம்பர்லாந்திலிருந்து புறப்பட்ட குழு எட்டாம் நாள் வாஷிங்டனை அடைந்தது. வழியிற் பலர் சேர்ந்தும் விலகியும் சென்றனர். தொடக்கம் முதல் இறுதிவரை நிலைத்தோர் டக்ளஸ் உட்பட ஒன்பதின்மரே. நடையின் பின் நாளிதழ் தன் முன்னைய நிலைப்பாட்டைப் பெருமளவு தளர்த்திக்கொண்டது. வரைபடத்தில் வெறுங்கோடாகத் தெரிந்த தடம், காலால் அளந்தபோது காடாகவும் பறவையாகவும் பழைய கற்கட்டாகவும் தெரிந்தது.

இந்த எட்டு நாள்களே பாதையைக் காத்தன என்பது மக்களிடையே நிலவும் கதை. வரலாறு அத்துணை எளிதன்று. நடை முடிந்ததும் ஒரு குழு அமைக்கப்பட்டது. அது பின்னர் நிலையான சங்கமாக வளர்ந்தது. 1961 ஜனவரியில், பதவியிலிருந்து நீங்குவதற்கு இரு நாள்களுக்கு முன்னர், ஜனாதிபதி ஐசனோவர் கால்வாயைத் தேசிய நினைவுச்சின்னமாகப் பிரகடனஞ் செய்தார். தம்மைக் கலந்துகொள்ளாத இச்செயல் காங்கிரஸ் உறுப்பினர் சிலரைச் சினங்கொள்ளச் செய்தமையாற் பூங்காச் சட்டம் மேலும் தாமதித்தது. ஆற்றின் குறுக்கே அணைகட்டும் திட்டங்களும் நிலவுடைமையாளரின் எதிர்ப்பும் இடைநின்றன. 1971 ஜனவரி 8ஆந் திகதியே தேசிய வரலாற்றுப் பூங்காச் சட்டம் நிறைவேறியது. எட்டு நாள் நடைக்கும் சட்டத்துக்கும் இடையே ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் கிடந்தன. மனுவெழுதியும் கூட்டங் கூட்டியும் உறுப்பினரைச் சந்தித்தும் அவ்வாண்டுகளைத் தாங்கியோரின் பெயர்கள் பெரும்பாலும் வழங்குவதில்லை. 1972இல் வீசிய அக்னெஸ் சூறாவளியும் 1985, 1996ஆம் ஆண்டுகளின் வெள்ளங்களும் பாதையைச் சிதைத்தபோது, அதனை மீட்பதில் அரசுடன் தொண்டர்களும் கைகோத்தனர்.

பாதை நீட்டப்பட்ட வரலாறு இதனினும் வியப்புக்குரியது. கம்பர்லாந்துக்கு மேற்கே மலைகளைக் கடந்த வெஸ்ரேர்ண் மேரிலாந்து புகையிரதத்தின் தடம் 1975இற் கைவிடப்பட்டது. அத்தடத்தில் பென்சில்வேனியாவின் ஒஹாயோபைல் அருகே ஒன்பது மைல் நீளமான பாதை 1986இல் திறக்கப்பட்டது. நிலம் துண்டு துண்டாகப் பெறப்பட்டது. பழைய பாலங்களும் சுரங்கங்களும் ஒவ்வொன்றாகச் செப்பனிடப்பட்டன. 2013இல் 150 மைல் பாதை பிற்ஸ்பேர்க்கில் நிறைவெய்தியது. ஆக, 1828இற் கால்வாய் அளித்த வாக்குறுதியை 185 ஆண்டுகளின் பின் நடையும் துவிச்சக்கர வண்டியுமே நிறைவேற்றின எனலாம். கால்வாயை வென்றது புகையிரதம்; தோற்ற கால்வாயின் கரையும் கைவிடப்பட்ட இன்னொரு புகையிரதத்தின் தடமும் இன்று ஒரே பாதையாய் நிற்கின்றன.

சாலை பலருக்குரியது, பாதை சிலருக்குரியது என்ற 1954ஆம் ஆண்டின் வாதத்துக்கு இவ்வரலாறு அளிக்கும் விடை ஒன்றுண்டு. சாலையாக்கப்பட்ட ஆற்றங்கரையை மீண்டும் பாதையாக்குதல் அரிது. பாதையாக விடப்பட்ட கரையோ, அடுத்த தலைமுறை தன் தேவைக்கேற்ப முடிவுசெய்ய இடமளிக்கிறது. திட்டமிடுதல் என்பது எதனைக் கட்டுவது என்று தீர்மானிப்பது மட்டுமன்று. எதனை இன்னும் கட்டாது விடுவது என்று தீர்மானிப்பதுமாகும். அத்தகைய தீர்மானம் ஒரு நாளில் எடுக்கப்பட்டு முடிவதன்று. வெள்ளந்தோறும் வரவுசெலவுத் திட்டந்தோறும் அது மீண்டும் மீண்டும் எடுக்கப்பட வேண்டியதாகும்.