ஒரே கணினியில் பல மேசைகள்: மெய்நிகர் திரைகளைக் கையாளும் முறை

பெங்களூரு: காலையில் திறந்த மின்னஞ்சல், அதன்மேல் கணக்கு விரிதாள், அதற்கும் மேல் காணொலிக் கூட்டம், இடையே வங்கி இணையதளம் எனச் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. அவற்றுள் தேவையானதைத் தேடுவதிலேயே கணினியில் பணிபுரிவோரின் நேரம் கணிசமாகக் கரைந்துவிடுகிறது. இரண்டாவது திரை வாங்காமலேயே இதைச் சீர்செய்யும் வசதி விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் கட்டணமின்றி உள்ளது. 'விர்ச்சுவல் டெஸ்க்டாப்' எனப்படும் மெய்நிகர் திரைதான் அது. ஒரே கணினிக்குள் பல மேசைகளை அமைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பணிக்குரிய சாளரங்களை மட்டும் விரித்துவைக்க இது உதவுகிறது.

இந்த எண்ணம் புதிதன்று. அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆஸ்டின் ஹெண்டர்சன், ஸ்டூவர்ட் கார்டு ஆகிய இருவரும் 1986-ஆம் ஆண்டில் 'ரூம்ஸ்' என்னும் அமைப்பை விவரித்தனர். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அறை, அறைகளுக்கு இடையே சென்றுவரக் கதவுகள் என்பதே அதன் அடிப்படை. யூனிக்ஸ், லினக்ஸ் பயனர்களுக்கு 1990-களிலேயே பழகிப்போன இவ்வசதி, மேக் கணினிகளுக்கு 2007-ஆம் ஆண்டில் 'ஸ்பேசஸ்' என்ற பெயரில் வந்தது. விண்டோஸ் பயனர்களோ, 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வெளியாகும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வரலாற்றில் பெங்களூருவுக்கும் ஓர் இடமுண்டு. 2011 மார்ச் மாதம், கேடிஇ என்னும் கட்டற்ற மென்பொருள் குழுவின் மாநாடு இந்நகரின் ஆர்.வி. பொறியியல் கல்லூரியில் நடைபெற்றது. அடுத்த மாதத் தொடக்கத்தில் நோம் குழுவின் ஆசிய மாநாடும் இங்கேயே கூடியது. லினக்ஸ் கணினிகளின் முகப்பை வடிவமைப்பவை இவ்விரு குழுக்களே. பெங்களூரு மாநாடு முடிந்த சில நாள்களில், ஏப்ரல் 6 அன்று, நோம் 3 பதிப்பு வெளியானது. சாளரத்தைச் சுருக்கிவைக்கும் பொத்தானையே அது இயல்புநிலையில் நீக்கிவிட்டது. வேண்டாத சாளரத்தைச் சுருக்குவதற்குப் பதில் வேறொரு திரைக்கு அனுப்புங்கள் என்பதே வடிவமைப்பாளர்களின் எண்ணம். பயனர்கள் பலர் இதைக் கடுமையாக எதிர்த்தனர். பழகியவர்களில் பலர் பின்னர் பழைய முறைக்குத் திரும்பவில்லை.

விண்டோஸ் 10, 11 பதிப்புகளில் விண்டோஸ் விசையுடன் டேப் விசையை அழுத்தினால் திறந்திருக்கும் சாளரங்களும் திரைகளும் ஒருசேரத் தோன்றும். விண்டோஸ், கண்ட்ரோல், டி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புதிய திரை உருவாகும். முதலிரு விசைகளுடன் இடம் அல்லது வலம் நோக்கிய அம்புக்குறியை அழுத்தித் திரைகளுக்கு இடையே நகரலாம். எஃப்4 விசையை அழுத்தினால் அந்தத் திரை மூடப்படும். அவ்வாறு மூடும்போது சாளரங்கள் அழிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. அவை பக்கத்துத் திரைக்கு மாறிவிடும். திரைகளுக்கு 'அலுவலகம்', 'வீடு' என்று பெயரிடவும் முடியும்.

மேக் கணினியில் கண்ட்ரோல் விசையுடன் மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் 'மிஷன் கண்ட்ரோல்' திறக்கும். அண்மையில் பயன்படுத்திய வரிசையில் திரைகளைத் தானாகவே இடம் மாற்றும் அமைப்பு அதில் இயல்பாகவே இயங்கும். நேற்று வலப்புறம் இருந்த திரை இன்று இடப்புறம் இருப்பதற்கு இதுவே காரணம். முதலில் அணைத்துவைக்க வேண்டியதும் இதைத்தான். நோம் முகப்புள்ள லினக்ஸில் சூப்பர் விசையுடன் பேஜ் அப், பேஜ் டவுன் விசைகள் போதும்.

எத்தனை திரைகள் தேவை? மூன்று அல்லது நான்குக்கு மேல் போனால், எந்தச் சாளரம் எங்கே என்ற பழைய தேடலே புதிய வடிவில் திரும்பிவிடும். ஒரு திரைக்குள் இரண்டு சாளரங்களை அருகருகே வைக்க, விண்டோஸ் 11-இல் விண்டோஸ் விசையுடன் இசட் விசையை அழுத்தினால் அடுக்குமுறைகள் தோன்றும். மேசை பெருகினாலும் கணினியின் நினைவகம் பெருகுவதில்லை. மறைந்திருக்கும் திரையில் உள்ள செயலிகளும் இயங்கிக்கொண்டே இருப்பதால், நினைவகம் குறைந்த கணினியின் வேகம் இதனால் கூடாது.

இன்னொரு தவறான நம்பிக்கை ஆபத்தானது. தனித்திரையில் வைத்த வங்கிக் கணக்கோ மருத்துவ அறிக்கையோ பிறர் கண்ணில் படாது என்று பலர் கருதுகின்றனர். காணொலிக் கூட்டத்தில் முழுத் திரையையும் பகிரும்போது, திரையை மாற்றினால் பார்ப்போருக்கும் அதுவே தெரியும்; எந்தத் திரையில் இருந்தாலும் அறிவிப்புகள் மேலெழும். எனவே முழுத் திரைக்குப் பதிலாக ஒரு சாளரத்தை மட்டும் பகிர்வதே தகும். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியை மோசடிக்காரர் சொற்கேட்டு நிறுவியவருக்கு, பல திரைகள் எவ்விதக் காப்பும் அளிக்கா. இத்தகைய செயலிகள் வழி நடக்கும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது.

மின்தடையால் கணினி அணைந்து மீண்டும் இயங்கும்போது விண்டோஸில் திரைகளும் அவற்றின் பெயர்களும் அப்படியே இருக்கும். ஆனால் சாளரங்களை நாமே மீண்டும் திறந்து, அந்தந்தத் திரையில் வைக்க வேண்டும்.