பியாவர் கேட்ட கணக்கு

ஸ்மார்ட் சிட்டி என்றாலே நமக்கு கேமராவும் பெரிய திரைகளும்தான் நினைவுக்கு வருகின்றன. அரசுத் தகவலை எல்லோருக்கும் திறந்து வைப்பதும் கம்ப்யூட்டர்காரர்கள் கொண்டுவந்த புதுமை என்று நினைக்கிறோம். நம் நாட்டில் அதற்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர்கள் ராஜஸ்தானில் மண் வெட்டிய கூலிக்காரர்கள்.

பஞ்ச நிவாரண வேலைக்கு முழுக்கூலி கிடைக்கவில்லை. கேட்டால், ரிஜிஸ்தரில் அவ்வளவுதான் என்று பதில். சரி, மஸ்டர் ரோலைக் காட்டுங்கள் என்றால், அது அரசு ரகசியம்! 1990-ல் உருவான மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன், 1994 டிசம்பரில் பாலி மாவட்டம் கோட் கிரானாவில் ஊரைக் கூட்டி, கையில் கிடைத்த கணக்கைச் சத்தமாக வாசித்தது. வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி. கூரைகூட இல்லாத பட்வாரி கட்டடம் (நம்மூர் வி.ஏ.ஓ. ஆபீஸ் மாதிரி) தாளில் கட்டி முடிந்திருந்தது.

வங்கியில் நாங்கள் குடோனுக்குப் போய் மூட்டையை எண்ணி, புத்தகத்தோடு ஒப்பிடுவோம். அதே வேலைதான். ஆனால் யார் அன்று வேலைக்கு வந்தார் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். எந்த ஆடிட்டருக்குத் தெரியும்?

நகல் தருவோம் என்று 1995-ல் முதல்வர் சட்டசபையில் சொன்னார். வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரின் சாங் கேட்டில் உட்கார்ந்தார்கள். 40 நாள், நல்ல வெயில் காலம். ஊர்க் கடைக்காரர்களும் காய்கறி விற்பவர்களும் கூட நின்றார்கள். கிராமத்துக் கோரிக்கை நகரத்தின் கோரிக்கையானது அங்கேதான்.

தகவல் உரிமைக்கு முதலில் சட்டம் போட்ட மாநிலம் நம் தமிழ்நாடு, 1997-ல். விதிவிலக்குகள் ஏராளம் என்பதால் பெருமைப்பட அதிகமில்லை. ராஜஸ்தான் சட்டம் 2000-ல், மத்தியச் சட்டம் 2005-ல். அதன் 4-ஆம் பிரிவு முக்கியம்: மனுப் போடாமலே அரசு தானாகத் தகவலை வெளியிட வேண்டும். அந்த வழியில் 2019-ல் வந்ததுதான் ராஜஸ்தானின் ஜன் சூச்னா போர்ட்டல். ரேஷன் கார்டுக்கு எவ்வளவு கோதுமை கொடுத்ததாக எழுதியிருக்கிறது என்று கார்டுக்காரரே பார்க்கலாம்.

2015-ல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் ஜெய்ப்பூர், உதய்ப்பூர், அஜ்மீர், கோட்டா நான்கும் இருந்தன. இப்படிப்பட்ட நகரங்களின் இணையப் பக்கங்களைத் திறக்கும்போது நான் மொத்தத் தொகையைப் பார்ப்பதில்லை. எந்தத் தெரு, எத்தனை மீட்டர், எந்தக் கான்ட்ராக்டர், எவ்வளவு பில்? இது இருந்தால்தான் தெருவில் குடியிருப்பவர் சரிபார்க்க முடியும்.

உங்கள் வார்டு கணக்கு இந்தியில் இருந்தால் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நம்மைவிட அவர்கள் வேகமாகப் படிப்பார்கள்.