ஊன் படைத்த அன்பரும் சைவ உணவும்

உண்ணும் உணவில் ஊனுக்கு இடம் உண்டா, இல்லையா என்னும் வினா நம் நாட்டில் நேற்று எழுந்ததன்று. அறநூலார் ஒருபுறமும், வேட்டுவரும் வீரரும் பாணரும் மறுபுறமுமாக நின்று, ஈராயிரம் ஆண்டுகளாக இவ்வழக்கை நடத்தி வந்திருக்கின்றனர். இதன் பல கட்டங்களை ஒரே நிலப்பகுதியில் காண விரும்புவோர் திருப்பதியையும் சித்தூரையும் சூழ்ந்த வேங்கட நாட்டை நோக்குதல் தகும். பழந்தமிழுலகின் வட எல்லையாக எண்ணப்பெற்ற இந்நாடு, 1953 ஆம் ஆண்டு வரை சென்னை மாகாணத்தோடு இணைந்திருந்தது. இன்று ஆந்திரப் பிரதேசத்தில் தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் பகுதியாக விளங்குகிறது.

சங்க காலத்தில் வேங்கடம் புல்லி என்னும் தலைவனுக்கு உரிய மலை என அகநானூற்றால் அறிகிறோம். வேட்டையும் ஆனிரை ஓம்பலும் அந்நிலத்து மக்களின் வாழ்வு. அக்காலத் தமிழர் ஊனுணவை இழிவாகக் கருதியதில்லை. அந்தணராகிய கபிலர், தம்மைப் போன்ற புலவரின் கை மென்மையாக இருப்பதற்குக் காரணம் சேர மன்னன் அளித்த ஊன் கலந்த சோற்றை உண்பதன்றி வேறு தொழில் அறியாமையே என்று புறநானூற்றில் நயம்படக் கூறுகிறார்.

மறு குரலும் தொன்மையானதே. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோக மன்னர், தம் மடைப்பள்ளியில் நாள்தோறும் எண்ணற்ற உயிர்கள் கொல்லப்பட்ட நிலை மாறி, இரண்டு மயில்களும் ஒரு மானும் மட்டுமே கொல்லப்படுகின்றன என்றும், இனி அவையும் கொல்லப்பட மாட்டா என்றும் பாறையில் பொறித்தார். அச்சாசனத்தின் படி ஒன்று ஆந்திரத்தின் கர்நூல் மாவட்டத்து எர்ரகுடியில் உள்ளது. சமணர் ஊனை அறவே விலக்கினர். புத்தரோ, தமக்கெனக் கொல்லப்பட்டதாகக் காணாத, கேளாத, ஐயுறாத இறைச்சியைத் துறவியர் ஏற்கலாம் என்றார். திருவள்ளுவர் ‘புலால் மறுத்தல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். உண்பார் இல்லையெனின் விற்பார் இல்லை என்பது அவர் எடுத்துக்காட்டும் காரணங்களுள் ஒன்று. எனினும், அவ்வதிகாரம் துறவறவியலில் அமைந்திருத்தலால், அவ்வறம் இல்வாழ்வார்க்கும் உரியதோ என்னும் ஐயம் கற்றோரிடையே இருந்து வருகிறது.

இவ்விரு குரல்களும் நேர்க்கு நேர் எதிர்ப்பட்ட இடம், திருப்பதிக்குக் கிழக்கே பொன்முகலி ஆற்றங்கரையில் உள்ள திருக்காளத்தி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் அவ்வரலாற்றை விரிவாகக் கூறுகிறது. பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவனாகிய நாகனுக்கு மகனாய்ப் பிறந்தவர் திண்ணனார். பன்றி ஒன்றைத் துரத்திக்கொண்டு காளத்தி மலையை அடைந்த அவர், குடுமித்தேவரைக் கண்டு அன்பு மீதூர்ந்து, இறைச்சியைத் தீயில் வதக்கி, தாமே சுவை பார்த்து, நல்லவற்றைத் தேர்ந்து படைத்தார். திருமுழுக்கிற்கு வாயில் நீரையும், சாத்துவதற்குத் தலையில் மலரையும் கொணர்ந்தார்.

ஆகம முறைப்படி அங்கே வழிபட்டு வந்தவர் சிவகோசரியார். மறுநாள் வந்து ஊனையும் எலும்பையும் கண்டு அவர் பதறினார். இடத்தைத் தூய்மை செய்து, முறைப்படி பூசையை நிறைவேற்றினார். அவர் சென்றபின் திண்ணனார் வருவார், ஊன் படைப்பார். இவ்வாறு நாட்கள் சென்றன. ஒருவர் மற்றவரை அறியாமலே ஒரே தெய்வத்தை இருவர் வழிபட்டனர். முடிவில் இறைவன் கனவில் தோன்றி, மறைந்திருந்து காணுமாறு அந்தணருக்குப் பணித்தான். குருதி வழிந்த இறைவன் கண்ணுக்குத் தம் கண்ணையே திண்ணனார் அகழ்ந்து அப்பியதைச் சிவகோசரியார் நேரிற் கண்டார். வேடர் கண்ணப்பர் ஆனார்.

இங்கே நாம் ஒன்றைக் கருத வேண்டும். ஊன் படைத்தலே சிறந்த வழிபாடு என்று சேக்கிழார் நிறுவவில்லை. சிவகோசரியாரின் பூசை வீண் என்றும் அவர் கூறவில்லை. உணவைக் கொண்டு அன்பை அளக்கலாகாது என்பதே அவர் காட்டும் முடிபு. இவ்வரலாறு சேக்கிழாருக்கு முன்பே தேவார ஆசிரியராலும் மாணிக்கவாசகராலும் போற்றப்பட்டது. நக்கீரரும் கல்லாடரும் இதனையே பொருளாகக் கொண்டு தனித்தனியே பாடியவை பதினொராம் திருமுறையில் இடம்பெற்றுள்ளன. பதினாறாம் நூற்றாண்டில் தூர்ஜடி என்னும் பெருங்கவிஞர், காளஹஸ்தி மாஹாத்மியத்தில் இவ்வேடரைத் தெலுங்கிலும் நிலைபெறச் செய்தார்.

காளத்தியிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருமலை வேறொரு பாடத்தை நமக்குத் தருகிறது. தேவஸ்தானம் 1930களில் தொகுதி தொகுதியாக வெளியிட்ட கல்வெட்டுக்களைப் படிப்போர், அவற்றுள் பெரும்பாலானவை உணவைப் பற்றியவை என்பதைக் காண்பர். அரிசி, நெய், பயறு, தயிர், மிளகு, உப்பு, வெற்றிலை, பாக்கு என ஒவ்வொன்றும் அளவோடு குறிக்கப்பட்டுள்ளது. இறைவனுக்குப் படைக்கும் அவ்வுணவு திருப்போனகம் எனப்பட்டது. விசயநகர காலத்தில் அறக்கட்டளைப் பணம் கோயில் ஊர்களில் ஏரி வெட்டவும் கால்வாய் திருத்தவும் செலவிடப்பட்டது. அதனால் மிகுந்த விளைச்சலிலிருந்து திருப்போனகம் சமைக்கப்பட்டது. அதில் நான்கில் ஒரு பங்கு, ‘விட்டவன் விழுக்காடு’ என்னும் பெயரால், கட்டளை வைத்தவருக்கு உரியதாயிற்று.

இதனால் நமக்குத் தெளிவாவது யாது? காடு வயலாக மாறிய வரலாறே இவ்வுணவு வரலாற்றின் அடியில் ஓடுகிறது. காட்டில் வாழ்ந்த திண்ணனார், காடு தந்ததைப் படைத்தார். ஏரிப் பாசனத்தில் வாழ்ந்தோர், வயல் தந்ததைப் படைத்தனர். கொல்லாமை என்னும் உயர்ந்த அறமும் நெல்லும் நெய்யும் மிகுந்த வாழ்வும் ஒன்று சேர்ந்தபோது, மரக்கறி உணவு அறத்தின் அடையாளமாக மட்டுமன்றி, மதிப்பின் அடையாளமாகவும் ஆயிற்று.

மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள நமக்கு ஒரு சொல் அடிக்கடி வியப்பைத் தருகிறது. ஊன் கலவாத உணவைத் தெலுங்கர் ‘சாகாஹாரம்’ என்கின்றனர். இலங்கைத் தமிழர் ‘மரக்கறி உணவு’ என்கின்றனர். தமிழகத்தில் நாமோ அதனைச் ‘சைவம்’ என்கிறோம். ஊனுணவு ‘அசைவம்’ ஆகிவிட்டது. புலால் உண்ணாத சைவக் குடியினரின் ஒழுக்கம், சமயத்தின் பெயரையே உணவுக்குப் பெயராகத் தந்தது போலும். இச்சொல்லாட்சியின்படி நோக்கின், அறுபத்துமூவருள் ஒருவராய்ச் சிவாலயந்தோறும் வணங்கப்பெறும் கண்ணப்ப நாயனார் படைத்தது ‘அசைவம்’ என்றாகும்! சொல் சுருங்கியபோது சமயத்தின் பரப்பும் நம் எண்ணத்தில் சுருங்கலாகாது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வழக்கு சட்டமன்றத்தையும் அடைந்தது. 1950 ஆம் ஆண்டில் சென்னை மாகாணம், கோயில்களில் விலங்குகளையும் பறவைகளையும் பலியிடுவதைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. சித்தூர் மாவட்டம் அப்போது சென்னையோடு இருந்தமையால் அச்சட்டம் அங்கும் செல்லுபடியாயிற்று. ஆந்திரம் பிரிந்த பின்னரும் தொடர்ந்தது. தமிழ்நாட்டில், சிற்றூர்க் கோயில்களின் வழிபாட்டு முறையை அது ஒடுக்குகிறது என்னும் எதிர்ப்பு எழுந்து, 2004 இல் நீக்கப்பட்டது. உயிரிரக்கம் கொண்டோர் ஒரு பக்கமும், தம் முன்னோர் வழிபாட்டை இழிவென்று கூற யாருக்கு உரிமை என்று வினவியோர் மறு பக்கமுமாக நின்றனர். சிவகோசரியாரின் பதற்றமும் திண்ணனாரின் அன்புமே இங்கும் வேறு உருவில் எதிர்ப்பட்டன எனலாம்.

திருப்பதி நகரிலேயே தாதய்யகுண்டா கங்கம்மன் கோயில் உள்ளது. அவ்வம்மனைத் திருமலை இறைவனின் தங்கையாக மக்கள் போற்றுகின்றனர். மே மாதத்தில் நடைபெறும் ஜாத்திரைக்குத் திருமலையிலிருந்து சேலையும் மஞ்சளும் சீராக வருகின்றன. அண்ணன் கோயிலில் இலட்டுவும் தயிர்ச்சோறும். தங்கைக்கோ ஆடும் கோழியும் நேர்ந்துகொள்வது மக்களின் நெடுநாள் வழக்கம். உறவு முறியவில்லை, சீர் நிற்கவில்லை.

2014 ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு ஆய்வின்படி, ஆந்திரப் பிரதேசத்தில் 15 வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 98 பேர் ஊனுணவு உண்போர். இறைச்சிக்கு இடமே இல்லாத திருமலைக்கு விரதம் இருந்து ஏறிச்செல்வோருள் பெரும்பாலார் இவர்களே. இதில் முரண்பாடு இருப்பதாக அவர்கள் எண்ணுவதில்லை. இடத்துக்குரிய ஒழுக்கத்தை இடத்திலும், வீட்டுக்குரிய உணவை வீட்டிலும் அவர்கள் காத்து வருகின்றனர்.

கொல்லாமை உயர்ந்த அறம். அதனை மேற்கொள்வோர் போற்றத்தக்கோர். ஆயினும், குடியிருக்க வீடு கேட்டு வருவோரை உணவைச் சொல்லித் திருப்பி அனுப்புதலும், பள்ளியில் உடன் அமர்ந்த சிறுவனின் பாத்திரத்தைக் கண்டு முகஞ்சுளித்தலும் அவ்வறத்தின் பகுதிகள் ஆகா. சிவகோசரியார் சினந்தார், இடத்தைத் தூய்மை செய்தார், தம் முறையை விடவில்லை. ஆனால் அவ்வேடரை இன்னாரென்று முடிவு செய்யுமுன் மறைந்திருந்து பார்த்தார். பிறர் கலத்தில் உள்ளதைக் கண்டு அவரை மதிப்பிட விரையும் நமக்கு, அவ்வந்தணரின் பொறுமை வேண்டப்படுகிறது.