ஷேர்டு லைப்ரரி

1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இன்று லேத் பட்டறைகளோடு மென்பொருள் அலுவலகங்களும் உண்டு. அந்த அலுவலகங்களில் ‘லைப்ரரி’ என்றால் யாரும் புத்தகத்தைத் தேடுவதில்லை. ஆனால் சொல்லின் வேர் புத்தகம்தான்: லத்தீனில் ‘லிபெர்’ முதலில் மரத்தின் உட்பட்டை, பிறகு புத்தகம். (நம் ஏடும் ஓலையாக இருந்து நூலானதுதான்.) கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினிக்காரர்கள் துணைநிரல்களைக் காகித நாடாவில் துளையிட்டு அலமாரியில் சேர்த்தார்கள், அந்தச் சேர்மானத்துக்கும் லைப்ரரி என்றே பெயர். 1951-இல் அதை விளக்கி நூலும் வந்தது. இன்றும் அதே எண்ணம்தான்: மென்பொருளைத் தானாகவே உருவாக்கிச் சோதித்து வெளியிடும் ஜென்கின்ஸ் கருவியில், அந்த வேலைத்தொடர்களான பல பைப்லைன்களுக்கும் பொதுவான பில்ட், டெஸ்ட், டெப்ளாய் வேலைகளை க்ரூவி மொழியில் எழுதி, ஒரே கிட் களஞ்சியத்தில் வைப்பதே ஷேர்டு லைப்ரரி. அதன் ‘வார்ஸ்’ கோப்புறையில் கோப்பின் பெயரே கட்டளையாகிவிடும். தமிழில் ‘பகிர்நூலகம்’ ஒட்டவில்லை; ‘பொதுநிரல்’ போதும். அதை எடுக்கும்போது பதிப்பைக் குறிப்பிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் கைவைத்தால் எல்லார் பில்டும் விழக்கூடும்.