ரோமர் ஏழாம் அதிகாரத்தின் ‘நான்’

நன்மையை விரும்பியும் அதைச் செய்ய வலுவின்றி, வெறுக்கும் தீமையையே செய்து தவிக்கும் ஒருவரின் குரல் ரோமர் நிருபம் 7:14-25இல் ‘நான்’ என்று ஒலிக்கிறது. அவர் நியாயப்பிரமாணத்தின், அதாவது மோசே வழியாக அருளப்பட்ட கட்டளைகளின் கீழ் மட்டுமே நிற்பவரா, கிருபையால் மீட்கப்பட்ட விசுவாசியா என்னும் வினாவுக்கு அளிக்கப்படும் விடையைப் பொறுத்தே பரிசுத்த வாழ்வு பற்றிய போதனை அமைகிறது.

386இல் மிலான் நகரத் தோட்டமொன்றில் இதே நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தை வாசித்து மனந்திரும்பிய பரிசுத்த அகுஸ்தீன், சில ஆண்டுகளுக்குப் பின் எழுதிய விளக்கத்தில், அந்த ‘நான்’ கிருபையைப் பெறாத மனிதரே என்று கொண்டார். பின்னர், மனிதர் தம் சித்தத்தின் வலிமையால் பாவமின்றி வாழக்கூடும் என்ற பெலாகியுசின் கொள்கையை எதிர்த்து வாதிடுகையில், உள்ளான மனிதன் தேவனுடைய பிரமாணத்தில் மகிழ்வதாகச் சொல்லும் 22ஆம் வசனம் அவரைத் தடுத்து நிறுத்தியது. கிருபையின்றி அம்மகிழ்ச்சி பிறவாது எனக் கண்டு, பேசுபவர் அப்போஸ்தலராகிய பவுலே, விசுவாசியே என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார். முதுமையில் தம் நூல்களை மறுபார்வை செய்தபோது இம்மாற்றத்தை வெளிப்படையாகவே பதிவு செய்தார். இத்தனை புகழ்பெற்ற ஆசிரியர் தம் எழுத்தையே திருத்திக்கொண்ட அத்தாழ்மை, அவர் போதித்த பரிசுத்தத்திற்கு அவரே அளித்த சான்றாகும்.

லூத்தர் 1515-16இல் ஆற்றிய ரோமர் நிருப விரிவுரைகளில் அகுஸ்தீனின் பிற்காலக் கருத்தைப் பின்பற்றி, அந்த ‘நான்’ விசுவாசியே என்று கொண்டு, பாவத்தைத் தன்னை நோக்கியே வளைந்துபோன இருதயமாக விளக்கினார். ஜான் வெஸ்லியோ ஏழாம் அதிகாரத்தை நியாயப்பிரமாணத்தின் கீழுள்ளவரைக் குறிப்பதாகவே கொண்டார். ஆயினும் விசுவாசியின் உள்ளப் போராட்டத்தை அவர் மறுக்கவில்லை. கலாத்தியர் 5:17ஐ ஆதாரமாகக் காட்டி, விசுவாசியிடம் பாவம் எஞ்சியிருப்பினும் அரசாளுவதில்லை என்று 1763இல் வெளிவந்த பிரசங்கத்தில் நிலைநாட்டினார்.

ரோமர் ஏழாம் அதிகாரத்திலும் இவ்வசனத்திலும் வரும் ‘மாம்சம்’ என்னும் சொல்லைப் பற்றியும் இங்குச் சொல்லவேண்டும். ‘சார்க்ஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஈடான இதனை உடல் என்று மட்டும் கொண்டு, உடலை ஒறுத்தலே பரிசுத்தம் என்பாருண்டு. கலாத்தியர் ஐந்தாம் அதிகாரம் மாம்சத்தின் கிரியைகளில் பகையையும் பொறாமையையும் பிரிவினையையும் சேர்த்தே எண்ணுவதால், தேவனை விட்டு விலகிய முழு மனிதரையும் அச்சொல் குறிக்கிறது என்பது தெளிவு. ஆகவே உபவாசத்தில் தேறியவரும் சகோதரரிடம் பகை பாராட்டினால் மாம்சத்திற்கு உட்பட்டவரே.

இன்று வழங்கும் அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் வகுத்தவை. பவுல் எழுதிய நிருபத்தில் அவை இல்லை. தம்மை விடுவிப்பவர் யார் என்ற ஏழாம் அதிகாரத்தின் கதறலும், கிறிஸ்துவுக்குள் இருப்பவருக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்ற எட்டாம் அதிகாரத்தின் அறிவிப்பும் அங்கே இடைவெளியின்றித் தொடர்கின்றன. ஆராதனையிலும் அவை அவ்வாறே ஒரே மூச்சில் வாசிக்கப்படுவதாக.