விரைவாட்டத்தில் வீழ்ந்த உலக முதல்வர்

இலங்கைத் தமிழர் ஆடிவந்த நாயும் புலியும் என்னும் விளையாட்டில் காய்களே ஏற்றத்தாழ்வுடையன. சதுரங்கத்திலோ இருவர்க்கும் பதினாறு காய்களே. ஏற்றத்தாழ்வு ஆடுவோரிடத்தே உளது. அதனை அளத்தற்கு அமெரிக்கப் பௌதிகப் பேராசிரியர் ஆர்பாட் ஈலோ வகுத்த தரப்புள்ளி முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது. இம்முறைப்படி 250 தரப்புள்ளி குறைந்தவர், உயர்ந்தவரோடு ஆடும் ஐந்து ஆட்டங்களில் ஏறக்குறைய ஒரு வெற்றியின் பயனையே எதிர்பார்க்கலாம்.

2022 பெப்ரவரியில் ‘எயார்திங்ஸ் மாஸ்டர்ஸ்’ என்னும் இணையவழிப் போட்டியின் எட்டாம் சுற்றில், சென்னையைச் சேர்ந்த பதினாறு வயதினரான ரமேஷ்பாபு பிரக்ஞானந்தா, அக்காலை உலக முதல்வராயிருந்த நோர்வே நாட்டு மக்னஸ் கார்ல்சனை எதிர்கொண்டார். இருவர்க்குமிடையே தரப்புள்ளி வேறுபாடு 250 அளவினது. ஒருவர்க்கு 15 நிமிடம். நகர்த்தல்தோறும் மேலும் 10 விநாடி. சென்னையில் நள்ளிரவு கடந்துவிட்டது. கறுப்புக் காய்களுடன் ஆடிய இளைஞர் 39 நகர்த்தல்களில் வென்றார்.

கட்டைபறிச்சானில் மாணவர்க்கு இதனை எடுத்துரைக்குங்கால் கைதட்டல் எழும். அதற்கு முந்திய ஏழு ஆட்டங்களில் நான்கில் அவர் தோற்றிருந்தார் என்றதும் வகுப்பு அடங்கிவிடும். வரலாறு கூறுவோன் இரண்டையும் கூறக் கடமைப்பட்டவன். அவர் அப்போட்டியின் அடுத்த கட்டத்தை எய்தவில்லை. கோப்பையும் கார்ல்சனுக்கே சென்றது.

நோயுற்றெழுந்த கார்ல்சன் தளர்ந்திருந்தார் என்பாருளர். அவரும் அதனைச் சொன்னதுண்டு. வேறு சிலர், விரைவாட்டம் சூதனையது, அங்கே எளியவர் வெல்வது வியப்பன்று என்பர். இக்கூற்று எமக்கு உடன்பாடன்று. நேரங்குறைந்தால் ஆழ்ந்து கணித்தற்கு இடங்குறையும், பிழைகள் மிகும், அவ்வளவில் எளியவர்க்கு வாயில் திறப்பது மெய்யே. ஆயினும் நிலையைக் கண்டவுடன் நல்ல நகர்த்தலை உணரும் பயிற்சி வலியவரிடமே மிக்கிருத்தலின், விரைவு அவர்க்கும் துணையாகும்.

இதற்குப் பாகு நகரமே சான்று. 2023 ஓகஸ்டில் உலகக் கிண்ண இறுதியில் இவ்விருவரும் நீண்ட நேர ஆட்டங்கள் இரண்டிலும் சமநிலை கண்டனர். பின்னர் நிகழ்ந்த விரைவாட்டத்திலேயே கார்ல்சன் வென்றார். விரைவு எளியவர்க்கே சார்பானதாயின் முடிவு மாறியிருத்தல் வேண்டும்.

நீண்ட நேர ஆட்டத்தில் பிரக்ஞானந்தா கார்ல்சனை முதன்முறையாக வென்றது 2024 மே 29 அன்று, கார்ல்சனின் தாயகமான நோர்வேயின் ஸ்டவாங்கர் நகரில். அன்று அவர் கையில் வெள்ளைக் காய்கள்.