கட்டிப் பழசான சேலை

மதுரைப் பக்கம் எங்கள் வீடுகளில், கடையில் வாங்கிய ஜமுக்காளமும் போர்வையும் விருந்தாளிக்குத்தான். வீட்டு ஆட்கள் படுத்தது பழஞ்சேலையில். மூன்று நான்கு நூல்சேலைகளை மடித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, பெரிய ஊசியால் நெருக்கமாக நூலோட்டித் தைத்த விரிப்பு அது. மார்கழியில் அதுவே போர்வை, பிள்ளை பெற்றவளுக்கு அதுவே மெத்தை. நைந்து போனால் நாலாக வெட்டிச் சோற்றுப்பானை இறக்கும் பிடிதுணி ஆக்குவார்கள். அதற்குப் பிறகு வாசலில் கால் மிதிக்கும் துணி.

2020 ஊரடங்கில் பாட்டி காலம் திரும்பிவிட்டது என்று பலரும் சொன்னார்கள். சமையலைப் பொறுத்தவரை அது உண்மை. அந்த வருடம் சித்திரைத் திருவிழா இல்லை. மே 4ஆம் தேதி மீனாட்சி கல்யாணத்தை நேரலையில் பார்த்தபடியே தாலிக்கயிறு மாற்றிக்கொண்டோம். அழகர் ஆற்றுக்கு வரவில்லை. வீணாகாமல் போனது வெயில் ஒன்றுதான். நான் அத்தை என்று கூப்பிடும், மேலூர்ப் பக்கத்துக்காரரான என் மாமியார் மொட்டை மாடி முழுக்கக் கூழ்வத்தலும் மோர்மிளகாயும் காயப்போட்டார். பரவை சந்தையில் தொற்று பரவி, ஜூன் 24 முதல் ஜூலை 14 வரை ஊரே மறுபடி அடைபட்டபோது அந்த வத்தல்தான் கைகொடுத்தது. கதவு திறந்த இரண்டொரு நாளில் ஆடி பிறந்தது. உடைந்த பிளாஸ்டிக் வாளிகளில் அத்தை அவரையும் கீரையும் போட்டார். விதை, மண், வெயில் மூன்றும் இருந்தால் தோட்டம் திரும்பி வந்துவிடும்.

தையல் அப்படி வரவில்லை. "ஒரு சேலை தைக்கலாம்த்தா, பெட்டியத் தொற" என்றார் அத்தை. திறந்தேன். அடுக்கடுக்காகச் சேலைகள். ஆனால் பூனம், ஜார்ஜெட், எல்லாமே செயற்கை இழை. அத்தை ஒன்றை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். அது வேர்வையை உறிஞ்சாது, எத்தனை முறை துவைத்தாலும் மெத்தென்று ஆகாது. ஒன்றன்மேல் ஒன்று போட்டால் வழுக்கும், ஊசி ஏறும்போது சுருங்கும். எங்கள் தலைமுறைப் பெண்களுக்குச் சோம்பல் வந்துதான் இந்தப் பழக்கம் ஒழிந்தது என்று பேசுவார்கள். நான் ஒப்பமாட்டேன். துணியே மாறிவிட்ட பிறகு எதைத் தைப்பது?

துணியின் அருமை தெரிந்த ஊர் இது. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீடொன்றில்தான் காந்தி மேலாடையை விட்டு அரைவேட்டிக்கு மாறினார். கதர் வாங்கக்கூடக் காசில்லை என்று ஏழைகள் சொன்னது அவரை உறுத்திய காரணங்களில் ஒன்று. ஹார்வி மில் இதே ஊரில் நூல் நூற்றுக்கொண்டிருந்த காலம் அது. பிறகு போர் வந்து துணி விலை எகிற, 1943இல் அரசு துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. அத்தை அப்போது கைப்பிள்ளை. கிழிந்த சேலையை வெளியே எறிந்தவள் என்று ஒருத்தியைக்கூடத் தன் அம்மா காலத்தில் காட்ட முடியாது என்பார்.

அடுத்து வந்தவர் எவர்சில்வர் பாத்திரக்காரர். பழந்துணியைப் போட்டால் தூக்குவாளி, சம்படம், தட்டு. பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துக் களைத்த கைகளுக்கு அது பெரிய ஆசை. தெருவில் குரல் கேட்டதும், தைப்பதற்கென்று எடுத்து வைத்த நூல்சேலையும் மூட்டையில் ஏறியது. அப்படிப் போன துணியில் பல பட்டறைகளில் எண்ணெய் துடைக்கப் போயின. அதே சமயத்தில் துவைத்தால் சாயம் போகாத, இஸ்திரி கேட்காத சேலைகளும் வந்துசேர்ந்தன. வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அது எவ்வளவு வசதி என்பதும் எனக்குத் தெரியும். இருபது வருடம் அதைக் கட்டித்தான் பஸ் ஏறினேன்.

வங்காளத்திலும் பழஞ்சேலையை இப்படித்தான் அடுக்கித் தைத்தார்கள். காந்தா என்ற அவர்களுடைய விரிப்பில் மீனும் தாமரையும் ரதமும் இருந்ததால் குருசதய் தத் போன்றவர்கள் தேடிச் சேர்த்தார்கள். கொல்கத்தா அருகே தத் பெயரில் அருங்காட்சியகமே அமைந்தது. எங்களுடையதில் படம் இல்லை. நேர்கோட்டில் ஓடும் தையல் மட்டும். யார் எடுத்து வைப்பார்கள்?

கடைசியில் அத்தையின் பழைய சுங்குடிகள்தான் அகப்பட்டன. சுங்குடி நல்ல பருத்தி. சௌராஷ்டிரப் பெண்கள் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சேலை. 2005இல் புவிசார் குறியீடும் வாங்கியது. அவற்றில் ஒன்றை ஏற்கெனவே முகக்கவசத்துக்கு வெட்டியிருந்தோம். மிச்சத்தைக் கஞ்சி இல்லாமல் அலசிக் காயவைத்தோம். கிழிந்த பக்கம் உள்ளே, முந்தி வெளியே. தரையில் இழுத்து விரித்து மூலைக்கு ஒன்றாக அம்மிக்குழவி, செம்பு என்று கனம் வைத்தார் அத்தை. நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைத்துப்போக வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் துணி பொம்மிக்கொள்ளும். நூலும் வாங்கவில்லை. பழைய கரையிலிருந்து இழை உருவித் தொடையில் வைத்துத் திரித்தார். அவருக்குக் கண் மங்கல். ஊசியில் கோத்துக் கொடுப்பது என் வேலை, கோணலைத் தடவியே கண்டுபிடித்துப் பிரிக்கச் சொல்வது அவர் வேலை.

பெங்களூரு வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த மகளுக்கு அதில் படுத்ததும் ஆசை பிடித்துக்கொண்டது. தனக்கும் ஒன்று வேண்டும் என்று புதுப் பருத்தித் துணி வரவழைத்தாள். அத்தை தொட்டுப் பார்த்தார்.

"புதுத்துணியில தைச்சா சாக்குல படுத்த மாதிரிதான் இருக்கும் தாயி. ரெண்டு சுங்குடி வாங்கிக் கட்டு. பத்து வருசம் கட்டிட்டுக் கொண்டா, தைப்போம்."

கடைகள் திறந்ததும் அவள் அரக்கில் ஒன்று, பச்சையில் ஒன்று வாங்கிவந்தாள். தீபாவளி, பொங்கல் தவிர சுடிதாரை விட்டு இறங்காதவள் அவற்றைக் கட்டிப் பழசாக்க எத்தனை காலம் ஆகும் என்று அத்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.